அதே கதவு, அதே லிவர், அதே பயமா? மூன்று ஹாரர் கேம்கள் ஓர் ஒப்பீடு

ஹாரர் கேம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு புகாரும் கூடவே வரும்: "அட்மாஸ்ஃபியர் செம, ஆனா செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறாங்க." நியாயமான புகார்தான். ஏலியன்: ஐசொலேஷன், அம்னீஷியா: த பங்கர், ஃபாஸ்மோஃபோபியா ஆகிய மூன்றும் இருட்டுக்கும் ஒலிக்கும் பேர்போனவை. மூன்றிலும் நாம் செய்கிற வேலைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். ஆனாலும் மூன்றும் ஒரே மாதிரி சலிப்பதில்லை. ஒன்று பாதிவழியில் மூச்சு வாங்குகிறது. ஒன்று கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. மூன்றாவதில் பயம் காணாமல் போன பிறகும் ஆட்கள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு வேலையை நூறு முறை செய்யச் சொல்வதால் மட்டும் பயம் போய்விடாது. நூறாவது முறையும் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தால் பயம் அப்படியே இருக்கும். விலை எப்போது இறங்குகிறது என்பதுதான் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏலியன்: ஐசொலேஷன்

கிரியேட்டிவ் அசெம்ப்ளி உருவாக்கி, சேகா 2014 அக்டோபரில் வெளியிட்டது. செவஸ்டோபோல் என்ற சிதைந்த விண்வெளி நிலையம், அதில் நம்மை வேட்டையாடும் ஓர் ஏலியன், நாம் ஆடும் பாத்திரம் அமாண்டா ரிப்ளி, 18 மிஷன்கள். கதையை மட்டும் முடிக்கவே ஏறக்குறைய 18 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். கேம் விமர்சன இதழான பிசி கேமர் 100க்கு 93 போட்டது, விமர்சனத் தளமான ஐஜிஎன் 10க்கு 5.9 போட்டது. இரண்டு மதிப்பெண்ணுக்கும் காரணம் சொல்ல முடிகிற கேம் இது.

திரும்பத் திரும்ப வருகிற வேலைகள் இவை: லிவரை இழுப்பது, சுவர் பேனலில் மின்சாரத்தைத் திருப்பிவிடுவது, பூட்டு திறக்கும் கருவியான ஆக்சஸ் டியூனரில் குறியீட்டைப் பொருத்துவது, அயன் டார்ச்சால் தகட்டை அறுப்பது, லிஃப்டுக்குக் காத்திருப்பது. எழுதிப் பார்த்தால் பராமரிப்புப் பணியாளரின் வேலைப்பட்டியல் மாதிரிதான் இருக்கிறது. இதைப் பல மணி நேரம் இழுத்துப் பிடிப்பது ஏலியனின் ஏஐ, அதாவது அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல்.

அந்த ஏஐக்கு இரண்டு அடுக்கு. மேலே ஒரு 'டைரக்டர்' இருக்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கு எப்போதும் தெரியும், ஆனால் ஏலியனிடம் "இந்தப் பக்கம் போய்ப் பார்" என்கிற அளவுக்கு மட்டுமே சொல்லும். கீழே இருக்கிற ஏலியன் தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் நம்மைத் தேட வேண்டும். ஏலியன் நம்மை நெருங்கியே சுற்றிக்கொண்டிருந்தால் டைரக்டர் வைத்திருக்கும் நெருக்கடி அளவு ஏறிக்கொண்டே போகும். உச்சம் தொட்டதும் ஏலியனைக் கூப்பிட்டு வென்ட்டுக்குள் (கூரைக் காற்றுக்குழாய்) அனுப்பிவிடும். நமக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது இப்படித்தான். இதனால் ஏலியனுக்கு மனப்பாடம் செய்யத்தக்க ரோந்துப் பாதை கிடையாது. செத்துப்போய் அதே அறையில் மறுபடி தொடங்கினால் அது வேறு வாசலில் வந்து நிற்கும்.

சேவ் செய்கிற விதத்தைப் பார்த்தால் இந்தக் கேமின் கெட்டிக்காரத்தனம் புரியும். சுவரில் ஒரு பெட்டி. கார்டைச் செருக வேண்டும், மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் சேவ். அந்தச் சில நொடிகளில் கேம் நிற்பதில்லை. பின்னால் ஏலியன் வந்தால் கார்டும் கையுமாகச் சாக வேண்டியதுதான். பக்கத்தில் ஆபத்து இருந்தால் பெட்டியே எச்சரிக்கும், அதை மீறிச் சேவ் செய்வதும் விடுவதும் நம் இஷ்டம். கேம் முழுக்க எத்தனை தடவை செய்தாலும் இந்த ஒரு வேலை மட்டும் பழகுவதே இல்லை. பொருட்களைச் சேர்த்து மெட்கிட்டோ, சத்தம் போட்டுக் கவனத்தைத் திருப்பும் நாய்ஸ்மேக்கரோ செய்கிற மெனுவும் இப்படித்தான். மெனு திறந்திருக்கும்போதும் வெளியே நேரம் ஓடும்.

பிறகு எங்கே சறுக்குகிறது? 10ஆவது மிஷனில். தொடக்கத்தில் கையில் தீ உமிழும் ஆயுதமான ஃப்ளேம்த்ரோவர் வருகிறது. அதுவரை ஏலியனிடம் சிக்கினால் மரணம், இனி ஒரு வீச்சு அடித்தால் அது வென்ட்டுக்குள் ஓடிவிடும். அடிக்க அடிக்க அதற்கும் பழகிப்போகும், தூரத்தில் நின்று நோட்டம் பார்க்கத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மரணம் என்ற விலை இப்போது எரிபொருள் என்ற விலையாகச் சுருங்கிவிட்டது. அந்த மிஷன் முடிவில் ஏலியனும் கதையிலிருந்து கொஞ்ச நேரம் விலகுகிறது. அடுத்து வருவது வொர்க்கிங் ஜோ என்ற ஆண்ட்ராய்டுகளின் (மனித உருவ ரோபோக்கள்) ராஜ்ஜியம். மெதுவாக நடக்கும், நேராக வரும், மின்னணுவை முடக்கும் இஎம்பி மைன் வைத்தால் அசையாமல் நிற்கும், ரெஞ்சால் அடித்து முடிக்கலாம். லிவரும் டியூனரும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. முதல் பாதியில் யாரும் குறைசொல்லாத அதே வேலைகள் இங்கே திடீரென்று கண்ணை உறுத்துகின்றன. 14ஆவது மிஷனில் ரியாக்டருக்குள் இறங்கும்போது பயம் மீண்டு வருகிறது, ஆனால் அதற்குப் பிறகும் முடிவு போல் தெரிந்து முடியாத இடங்கள் ஒன்றுக்கு மேல் வரும்.

விளையாடுகிறவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு லாக்கருக்குள் குடியிருப்பது. ஏலியன் போகட்டும் என்று ஐந்து நிமிடம் உள்ளே நின்றால் டைரக்டர் அதைத் திரும்பத் திரும்ப அதே பக்கத்துக்கு அனுப்பும். நகர்ந்தால்தான் கேம் நகரும். அசைவைக் காட்டும் கருவியான மோஷன் டிராக்கரை எப்போதும் தூக்கிப் பிடிப்பதும் ஆபத்து. ஏலியன் கிட்டே இருந்தால் அந்த பீப் சத்தம் அதற்கும் கேட்கும். வென்ட்டுக்குக் கீழே எச்சில் சொட்டினால் அந்த வழியை மறந்துவிடுங்கள். ஃப்ளேம்த்ரோவரில் ஒரு சின்ன வீச்சு போதும், விசையைப் பிடித்துக்கொண்டே இருப்பது எரிபொருளுக்கு நஷ்டம். ஆண்ட்ராய்டுகள் மேல் அதைப் பயன்படுத்தவே வேண்டாம், எரிந்துகொண்டே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அம்னீஷியா: த பங்கர்

ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் 2023 ஜூனில் வெளியிட்டது. முதல் உலகப் போர். ஆன்ரி கிளெமான் என்ற பிரெஞ்சுச் சிப்பாய் ஒரு பதுங்குகுழியில் கண் விழிக்கிறார், வெளியேறும் வழி மூடிக் கிடக்கிறது. டைனமைட்டையும் அதை வெடிக்க வைக்கும் கைப்பிடியையும் கண்டுபிடித்தால் தப்பிக்கலாம். முதல் முறை விளையாட ஐந்தாறு மணி நேரம்.

இங்கே இருப்பது ஒரே சுற்று: பாதுகாப்பு அறையில் சேவ் செய், ஜெனரேட்டரில் எரிபொருள் ஊற்று, ஒரு பகுதிக்குப் போ, கிடைத்ததை எடு, விளக்கு அணைவதற்குள் திரும்பி வா. பட்டியலாகப் பார்த்தால் ஐசொலேஷனைவிட வறட்சி. ஆனால் விலை ஒரு தடவைகூடக் குறையவில்லை. ஊற்றிய எரிபொருள் அந்த நொடியிலிருந்து கரைகிறது. விளக்கு எரிந்தால் சுவர் ஓட்டைகளுக்குள் திரிந்து நம்மைத் தேடும் ஒரு ஜந்து பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், அணைந்தால் வெளியே வரும். பாக்கெட் கடிகாரத்தை ஜெனரேட்டரோடு பொருத்திக்கொண்டால் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்பது தெரியும். பலரும் கடிகாரத்தைப் பொருத்த மறந்துவிட்டு இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டார்ச்சைச் சொல்ல வேண்டும். பேட்டரி இல்லை, கயிற்றை இழுத்து இழுத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். இழுக்கும்போது ஒரு கரகர சத்தம். வெளிச்சம் வேண்டுமென்றால் சத்தம் போட்டாக வேண்டும், சத்தம் போட்டால் ஜந்துவுக்குக் கேட்கும். நூற்றுக்கணக்கான தடவை செய்யப்போகும் ஒரு வேலைக்குள்ளேயே இப்படி ஆபத்தை வைத்ததால்தான் இது சலிக்கவில்லை. ரிவால்வரும் அதே தத்துவம்தான். எத்தனை குண்டு பாக்கி என்று திரையில் எண் வராது, சிலிண்டரைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். சுட்டால் ஜந்து கொஞ்ச நேரம் பின்வாங்கும், சாகாது. குண்டும் சுலபத்தில் கிடைக்காது. ஆயுதம் கையில் வந்தும் பயம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு, ஐசொலேஷனின் 10ஆவது மிஷனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பாடம்.

பொருட்கள் கிடக்கும் இடங்களும் லாக்கர் எண்களும் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மாறும். செத்தவர்களின் அடையாளத் தகட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் எண் தெரிய வேண்டும், இணையத்தில் தேடிப் பயனில்லை. வரைபடமும் இலக்குகளும் மாறாது. அதனால் இரண்டாவது ஆட்டம் வரை பயம் தாங்கும், மூன்றாவதில் வழிகள் மனப்பாடமாகிவிடும். குறை என்றால் இதுதான், கூடவே சேவ் விளக்கு இருக்கும் அறைக்கு ஒவ்வொரு முறையும் திரும்பி நடக்கும் அலுப்பும். தொலைவில் செத்தால் அரை மணி நேர உழைப்பு போகலாம். கேமைப் பாதியில் விட்டவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள்.

அதைத் தவிர்க்க ஒரு ஒழுங்கு உதவும். எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பே சுவர் வரைபடத்தைப் பார்த்து ஒரே ஒரு இலக்கை முடிவு செய்துகொள்ளுங்கள். கிடைத்த குறிப்புகளை வெளியே நின்று படிக்காமல் பாதுகாப்பு அறைக்கு வந்து படியுங்கள், கதவைத் தாழிட மறக்க வேண்டாம். தேவையற்ற பொருட்களை அங்கிருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் பாதிக் காலிப் பையோடு கிளம்புங்கள். மரக்கதவை உடைக்கச் செங்கல் போதும், அதற்குக் குண்டை வீணாக்க வேண்டாம். பிணங்களைச் சுற்றி எலிகள் மொய்த்து வழியை மறித்தால் தீப்பந்தம் விரட்டும்.

ஃபாஸ்மோஃபோபியா

கைனெடிக் கேம்ஸின் கேம், 2020 செப்டம்பரில் பிசியில் எர்லி ஆக்சஸாக (முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு) வந்தது. 2024 அக்டோபரில் கன்சோல்களுக்கும் போனது. நான்கு பேர் வரை ஒரு வீட்டுக்குள் போய், அங்கே இருக்கும் பேய் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட வகைப் பேய்கள். இஎம்எஃப் 5 (மின்காந்த மீட்டர் 5 காட்டுவது), கைரேகை, உறைகுளிர், ஆர்ப் (மிதக்கும் ஒளிப்புள்ளி), பேய் எழுத்து, ஸ்பிரிட் பாக்ஸ் (பேய் பதில் சொல்லும் ரேடியோ), டாட்ஸ் (பேயின் உருவத்தைக் காட்டும் ஒளிப்புள்ளிகள்) என்று ஏழு தடயங்கள், ஒரு பேய்க்கு மூன்று. வேன், வீடு, தெர்மாமீட்டர், அறை, தடயம், வேன். திரும்பத் திரும்ப அதேதான், ஒளிவுமறைவே கிடையாது.

முதல் சில ஆட்டங்களில் மூன்று கேம்களிலும் அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று தோன்றுகிறது. மைக்கில் பேசுவது பேய்க்குக் கேட்கும், ஹன்ட் (பேய் நம்மைக் கொல்லத் துரத்தும் நேரம்) தொடங்கியதும் நண்பனின் குரல் பாதியில் அறுந்துபோகும். ஆனால் இங்கே பயத்தைக் கொல்வது விதிகள்தான். பெரும்பாலான பேய்கள் குழுவின் சராசரி சானிட்டி (மனத்தெளிவு அளவு) 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஹன்ட் செய்யும், டீமன் என்ற பேய் வகைக்கு 70. தூபம் போட்டால் சாதாரணப் பேய் 90 நொடி ஹன்ட் செய்யாது, ஸ்பிரிட் வகைப் பேய் என்றால் 180. சாதாரணப் பேயின் நடை நொடிக்கு 1.7 மீட்டர். ரெவனன்ட் வகைப் பேய் நம்மைப் பார்க்காதவரை 1 மீட்டர், பார்த்துவிட்டால் 3. இதெல்லாம் தெரிந்தவர் ஹன்ட் நடக்கும்போது அலமாரிக்குள் நின்று காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பார். பயந்து ஓட வேண்டிய நேரத்தில் கையில் ஸ்டாப்வாட்ச்!

ஆனாலும் கேம் படுத்துவிடவில்லை. பயம் இருந்த இடத்தில் துப்பறியும் சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. நைட்மேர் கடினநிலையில் ஒரு தடயம் மறைந்துவிடும், இன்சானிட்டியில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். மிச்சத்தை நடத்தையை வைத்து ஊகிக்க வேண்டும். ரைத் வகைப் பேய் உப்பை மிதிக்காது, மிமிக் வகை எந்தப் பேய் வேடம் போட்டாலும் ஆர்ப் கூடவே வரும். ஹாரர் என்ற கணக்கில் இது தோற்றுவிட்டது. நாலு பேர் கூடி ராத்திரி விளையாடக் கேம் வேண்டும் என்ற கணக்கில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

பயத்தைக் கொஞ்சம் நாள் நீட்டிக்க ஒரு வழி உண்டு: எல்லா விதியும் எழுதி வைத்திருக்கும் விக்கி தளத்தைத் திறக்காதீர்கள். குழுவில் ஒருவர் மட்டும் எல்லா விதியும் தெரிந்தவராக இருந்தால் மற்ற மூவருக்கும் கேம் அன்றே முடிந்துவிட்டது.

பக்கத்தில் இன்னும் இரண்டு

அவுட்லாஸ்ட் (2013) இதே தராசில் லேசாக நிற்கிறது. 'இரண்டு பம்பையும் ஒரு பிரேக்கரையும் போடு', 'இரண்டு வால்வைத் திருப்பு' என்று ஒரே மாதிரி இலக்குகள், இடையில் துரத்தல். நைட் விஷன் கேமராவும் தீரும் பேட்டரியும் அருமை. ஆனால் செத்தால் சமீபத்திய செக்பாயின்ட்டிலேயே தொடக்கம், அதே எதிரி, அதே பாதை. மூன்றாவது முயற்சியில் சூழல் எல்லாம் மறைந்து நேரக்கணக்கு மட்டும் மிஞ்சும்.

ஜப்பானின் கொட்டாகே கிரியேட் 2023 நவம்பரில் வெளியிட்ட த எக்ஸிட் 8 நேர் எதிர். ஒரே ஒரு சுரங்கப்பாதை நடைவழி. ஏதாவது மாறியிருந்தால் திரும்பு, இல்லையென்றால் முன்னே போ, தவறினால் பலகையில் காட்டும் வாசல் எண் மறுபடி 0. திரும்பத் திரும்ப வருவதையே பயமாக்கிய கேம். முந்தைய தடவையை நன்றாக நினைவில் வைத்திருந்தால்தான் இந்தத் தடவை எதுவோ சரியில்லை என்று உறைக்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் அதன் புத்திசாலித்தனத்தில் சேர்த்திதான்.

எதை வாங்கலாம்

தனியாக, ஹெட்போனோடு, ஒரு வார இறுதிக்கு என்றால் யோசிக்காமல் பங்கர். தன் சலிப்பை முழுதாக வென்றது மூன்றில் அது ஒன்றுதான்.

ஐசொலேஷனை வாங்குகிறவர்கள் அதை ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மிஷன், அதிகபட்சம் இரண்டு. முதல் முறை மீடியம் கடினநிலையில் ஆடுங்கள். டிராக்கரே பழுதாகிக் கிடக்கும் நைட்மேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 10ஆவது மிஷன் முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி விட்டு, 11 முதல் 13 வரை ஆண்ட்ராய்டுகளிடம் நின்று சண்டை போடாமல் ஓடியே கடந்துவிடுங்கள். அவை நம்மைவிட மெதுவாகத்தான் நடக்கும். 2021 டிசம்பரில் வந்த மொபைல் பதிப்பும் முழுக் கேம்தான், ஆனால் டச் கன்ட்ரோலில் டியூனரோடு போராடுவதைவிட ஒரு கன்ட்ரோலரை இணைத்துக்கொள்வது மேல்.

ஃபாஸ்மோஃபோபியாவைத் தனியாக விளையாட வாங்காதீர்கள். மூன்று நண்பர்களும் மைக்கும் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். டாங்கிள்வுட் வீட்டில் தொடங்குங்கள், சின்ன வீடு, வாசல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஹன்ட் தொடங்கியதும் கையில் இருக்கும் மின்சாதனத்தை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.