மட்டக்களப்புச் சந்தையில் சுருட்டுக்கட்டு: வரி கூடினால் எதைப் பார்த்து வாங்குவது?

மட்டக்களப்புச் சந்தையில் கட்டாக விற்கும் யாழ்ப்பாணச் சுருட்டில் முதலில் மேல் இலையைப் பாருங்கள். வெடிப்பில்லாமல் நுனிவரை ஒரே சீராகச் சுற்றியிருக்க வேண்டும். விரலிடையில் உருட்டினால் சற்று அமுங்கி நிமிரும். நொறுநொறுத்தால் காய்ந்தது, வேகமாக எரிந்துவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்தக் குறை அதிகம். மாரியில் எதிர்ப்பக்கம்: ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் புள்ளி கண்டால் துடைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

புகையிலைக்கு வரி கூட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே பழைய சுருட்டுக்காரர்கள், "சிகரெட்டுக்குப் போடுங்க, எங்கட தலையில கட்டாதீங்க" என்பார்கள். சிகரெட்டுக்கு நீளத்தை வைத்து, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கலால் வரி. கைச்சுருட்டில் நீளமும் பருமனும் கட்டுக்குக் கட்டு மாறும். அதனால் வரி கூடினால் விலையைத் தொடாமலே சுருட்டை மெலிக்கலாம், உள்ளே இலை நரம்பும் காம்பும் திணிக்கலாம். வெட்டிய நுனியில் தடித்த காம்பு தெரிந்தால் அந்தக் கட்டை விடுங்கள்.

ஆனாலும் வரி வேண்டும் என்பதே என் கருத்து. சுருட்டும் வாய்ப்புற்றுநோய் தரும். இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. வயது கேட்காத கடைக்கு நான் நல்ல மதிப்பெண் தரமாட்டேன்.