குழந்தையின் காலை பத்து மணித் தூக்கத்தை எப்படி விடுவது: ஒரே நாளிலா, நகர்த்தியா, குறைத்தா?

மூத்தவளுக்குப் பதினைந்தாவது மாதத்தில் ஒரே நாளில் நிறுத்தினோம். இளையவனுக்கு ஐந்து வாரம் பிடித்தது. இருவருக்கும் நாலரை வருட இடைவெளி. திருச்சியில் அதே வீடு, உத்தரத்தில் அதே தூளிக் கொக்கி, ‘ஏம்மா, பிள்ளை தூங்கலையா?’ என்று கேட்க அதே அத்தை. ஆகவே, பகலில் இரண்டு முறை தூங்கும் குழந்தையை ஒரு தூக்கத்துக்கு மாற்றும் வழிகளில் எது தேவலாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி வந்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

முதலில், மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பது. காலை பத்து மணிக்குத் தூளியில் போட்டால் இரண்டே ஆட்டில் தூங்கிவிடுவான். மூன்றரைக்குப் போட்டால்தான் கூத்து. துணியை இரண்டு பக்கமும் விலக்கி, முகத்தை மட்டும் வெளியே நீட்டி, நம்மைப் பார்த்துச் சிரிப்பான். முக்கால் மணி நேரம் ஆட்டி, கை ஓய்ந்து, ஒருவழியாகத் தூங்க வைத்தால் ஐந்தரைக்கு எழுந்து இரவு பத்தரை வரை கொட்டம். இது ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இரண்டு வாரம் விடாமல் நடந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான குழந்தைகளுக்கு 13 முதல் 18 மாதத்துக்குள் இது வரும். பதினோராவது, பன்னிரண்டாவது மாதத்திலும் இதே ஆட்டம் வரும். ஆனால் அது நடை பழகும் குஷி. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதை நம்பித் தூக்கத்தை வெட்டினால் நமக்குத்தான் வினை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

கணக்கு இதுதான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரு வயதில் மூன்று, நான்கு மணி நேரம் விழித்திருந்தாலே கண்ணைக் கசக்கும் குழந்தை, ஒன்றரை வயதில் ஐந்து மணி நேரம் தாங்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும்; தூக்கம் கண்ணைச் சொக்குவது அதனால்தான். வளர வளர அது சேரும் வேகம் குறைகிறது. ஆக, குழந்தைக்குத் தூக்கம் வேண்டாமல் போகவில்லை, மூன்றரைக்குத் தூங்குமளவு அசதி இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். எந்த வழியில் போனாலும் மொத்த மணிநேரத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஒரே நாளில் நிறுத்தும் வழியை நாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பவேண்டி வந்தது. குழந்தைகள் காப்பகத்தில் எல்லாருக்கும் பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குப் பாய். நம் பிள்ளைக்கென்று தனிக் கடிகாரம் ஓடாது. இந்த வழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: குழப்பமே இல்லை. காலையில் தூக்கம் கிடையாது, மதியம் உண்டு, முடிந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் உடம்பு பழகிவிடும்.

அந்தப் பத்து நாள்தான் விஷயமே. முதல் சனிக்கிழமை வீட்டில் பன்னிரண்டு மணிக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாய் வாங்கியவள் மெல்லவில்லை. பார்த்தால் கண் செருகிவிட்டது, தலை என் தோளில் சாய்ந்துவிட்டது, கன்னத்துக்குள் சோற்று உருண்டை அப்படியே இருக்கிறது. ஆள்காட்டி விரலை வளைத்து வாயின் ஓரத்தில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தேன். அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குத்தான் வெகு நேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் குழந்தையின் வாயில் சோறு இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போக எவ்வளவு நேரமாகும்? மறுநாளிலிருந்து பதினொன்றேகாலுக்கே சாப்பாடு என்று மாற்றினேன். இந்த வழியில் போகிறவர்கள் தூக்கத்தை நிறுத்தும் அதே நாளில் சாப்பாட்டு நேரத்தையும் முன்னே இழுத்துவிடுங்கள்.

இதில் இன்னொரு வினோதம், அளவுக்கு மீறி அசந்துபோன குழந்தை அதிகம் தூங்காது, குறைவாகத்தான் தூங்கும். நாற்பது நிமிடத்தில் அலறிக்கொண்டு எழுவாள். அதே நிமிடம் போய் மறுபடி ஆட்டினால் சில நாள் இன்னொரு மணி நேரம் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் இரவு ஆறே முக்காலுக்கே படுக்க வைக்கவேண்டும்.

இதற்கு மாற்றாக எல்லாரும் சொல்வது நகர்த்தும் வழி. பத்து மணித் தூக்கத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளுவது. பத்தேகால், பத்தரை என்று போய்ப் பன்னிரண்டேகாலில் நின்றால் 27 நாள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கிறது. இளையவனுக்கு இதைத்தான் தொடங்கினோம்.

பதினொரு மணியில் வந்து மாட்டிக்கொண்டோம். அது இரண்டுங்கெட்டான் நேரம். எட்டரைக்கு இட்லி தின்ற பிள்ளைக்குப் பத்தே முக்காலில் சாப்பாடு இறங்காது. சாப்பிடாமல் தூங்கினால் பசியில் பன்னிரண்டேகாலுக்கே எழுந்துவிடுவான். அங்கிருந்து இரவு ஏழு மணி வரை ஆறே முக்கால் மணி நேரம்! ஒன்றேகால் வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? நாலு மணிக்குத் தரையில் விழுந்து புரண்டு அழுவான். சரி, கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அவர் ஸ்கூட்டரில் ஒரு சுற்று கூட்டிப்போவார். தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிடுவான். ஐந்து மணிக்குப் போட்ட அந்தப் பத்து நிமிடக் கோழித்தூக்கம் போதும், இரவுத் தூக்கம் பதினொரு மணிக்குப் போய்விடும். நாலு மணிக்கு முன்னால் இருபது நிமிடம் நாமாகவே தூங்க வைத்து எழுப்பிவிடலாம் என்பார்கள், அது பலிக்கும்தான். ஆனால் இரண்டு தூக்கத்தை ஒன்றாக்கக் கிளம்பியவர்கள் மறுபடி இரண்டாவது தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் விட்டுவிட்டோம்.

அப்புறம் பிடித்ததுதான் குறைக்கும் வழி. இதில் காலைத் தூக்கம் அதே இடத்தில், பத்து மணியில் இருக்கும். நீளம் மட்டும் குறையும். முதல் வாரம் அரை மணி நேரம். அடுத்த வாரம் இருபது நிமிடம். மூன்றாவது வாரம் பத்தே நிமிடம், சும்மா கண் அசர விடுவது மட்டும். பிறகு அதுவும் இல்லை. காலையில் வயிறு நிறையத் தூங்காததால் மதியத் தூக்கம் தானாக ஒன்றரைக்கு, ஒன்றுக்கு, பன்னிரண்டே முக்காலுக்கு என்று முன்னே வரும். சாப்பாடு எப்போதும் தூக்கத்துக்கு முன்னால் முடிந்துவிடும். பதினொரு மணிச் சிக்கல் வருவதே இல்லை.

இதிலும் ஒரு முள் உண்டு. தூங்கும் குழந்தையை எழுப்பவேண்டும். ‘தூங்குற பிள்ளையை எழுப்புறது பாவம்மா’ என்று அத்தை தூளிப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் அடினோசின் பற்றிப் பேசிப் புண்ணியமில்லை. நான் குக்கரைக் கணக்குப் பார்த்து அடுப்பில் ஏற்றினேன். இருபதாவது நிமிடம் விசில் அடிக்கும், பிள்ளை எழுந்துகொள்ளும், பழி பருப்பின் மேல் போகும். குக்கர் கைவிட்ட நாளில் மின்விசிறியை நிறுத்தினேன். திருச்சி வெயிலுக்கு இரண்டு நிமிடம் போதும். எழுந்ததும் கொஞ்சம் சிணுங்குவான். ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய் மாட்டைக் காட்டினால் சரியாகிவிடும்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு: காலை ஆறுக்கு முன் எழுந்த நாளில் இரண்டு தூக்கம், ஏழுக்கு எழுந்தால் ஒன்று. வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருந்தால், அவர் பொறுமைசாலியாகவும் இருந்தால், செய்யலாம். எனக்கு இன்று என்ன நாள் என்பதே மறந்துபோகும், ஆகவே முயலவில்லை. ஆனால் எந்த வழியில் போகிறவர்களும் காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், ஊருக்குப் போய் வந்த நாள் இதற்கெல்லாம் இதைத்தான் கையில் எடுக்கவேண்டும். ஒருநாள் இரண்டு முறை தூங்கிவிட்டால் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடாது.

என் தீர்ப்பு: நேரம் நம் கையில் இருக்கிறதென்றால் குறைக்கும் வழி. காப்பகத்தின் கையில் இருக்கிறதென்றால் ஒரே நாளில் நிறுத்துவது. சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஆரம்பித்துவிட்டால் புது இடத்து அழுகையும் தூக்க அழுகையும் ஒன்றாகச் சேராது. நகர்த்தும் வழி பன்னிரண்டு மணி வரைக்கும் தாக்குப்பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சரி. அப்படிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எனக்குப் பிறக்கவில்லை.

மூன்று வழிக்கும் பொதுவான இடைஞ்சல் இரவில் சீக்கிரம் படுக்க வைப்பது. ஏழு மணிக்கு என்று எழுதுவது எளிது. எங்கள் வீட்டில் அவர் வருவதே எட்டுக்கு. அதோடு, விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கக் கூடாது என்ற சொல் வேறு. அத்தையும் நானும் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம்: ஐந்தே முக்காலுக்கே விளக்கேற்றிவிடுவது, பிள்ளையின் நெற்றியில் திருநீறு வைத்துவிடுவது, ஆறுக்கு ரசம் சாதம், ஆறே முக்காலுக்குத் தூளி. ஒரு மாதம்தான். மதியத் தூக்கம் இரண்டு மணி நேரமாக நிலைத்ததும் எட்டுக்குத் தள்ளிக்கொண்டோம், அப்பா முகம் பார்க்கவும் கிடைத்தது.

இந்த மாதத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். தூளியிலிருந்து பாய்க்கு மாற்றுவது, பால் மறக்கடிப்பது எல்லாம் பிறகு. தூளியிலிருந்து எழுந்து இறங்கப் பார்க்கும் பிள்ளை மட்டும் விதிவிலக்கு. அதற்கு அன்றைக்கே பாய்தான். சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் அசந்து தூங்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குறட்டை விட்டாலோ வாயைத் திறந்தே தூங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அது வேறு விவகாரம்.

ஒரே தூக்கம் ஆன பிறகு அந்த இரண்டு மணி நேரத்தின் விலை ஏறிவிடுகிறது. சிலிண்டர்காரர் அப்போதுதான் காலிங்பெல் அடிப்பார். பராமரிப்பு மின்தடையும் அந்தப் பகலில்தான் வரும். விசிறி மட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கதவில் ‘குழந்தை தூங்குகிறது’ என்று எழுதி ஒட்டினேன். கோடை விடுமுறையில் வீட்டிலிருக்கும் மூத்தவள் அதைப் பெருமையாகத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டினாள். தம்பி எழுந்துவிட்டான்.