ஐந்து ரக மிளகாய் விதை பாக்கெட்: மாடியில் ஒரு வருடம் வளர்த்துப் பார்த்தது

போன ஆடியில் ஆன்லைனில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். சம்பா, குண்டு, காந்தாரி, பஜ்ஜி மிளகாய், பூத் ஜோலோக்கியா என்று ஐந்து கவர், ஒவ்வொன்றிலும் 20 விதை. மதுரை வெயிலில் மொட்டை மாடியில் 12 அங்குலப் பைகளில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து வளர்த்தேன்.

சம்பாவும் குண்டும் எட்டாம் நாளே எட்டிப் பார்த்துவிட்டன. காந்தாரிக்கு மூன்று வாரம் ஆனது, பொறுமையாக இருங்கள், குழித்தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பஜ்ஜி மிளகாய் கவரில் இருந்தது பஜ்ஜி மிளகாயே இல்லை. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, பூவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கடைசியில் காய்த்தது விரல் நீளத்துக்கு ஒல்லியாக, சுள்ளென்ற காரத்தோடு ஏதோ ஒரு பச்சை மிளகாய். படம் எடுத்து அனுப்பினேன், விற்றவர்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. காசை விட அந்த மூன்று மாதம்தான் வலிக்கிறது.

பூத் ஜோலோக்கியா வீட்டுக்குத் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்துக்கு மேல். வடகிழக்கு மாநிலங்களின் ஈரக்காற்றில் வளர்ந்த செடி, நம் சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. மொத்தமே நான்கு பழம். ஒன்றை வெறும் கையால் நறுக்கிவிட்டு இரவு வரை விரல் எரிந்தது. தண்ணீரில் கழுவினால் போகாது, எண்ணெய் தடவி அப்புறம் சோப்பு போடுங்கள்.

குண்டு மிளகாய் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஜாதிதான். நல்ல வெயில் வேண்டும். காய்ந்த பழத்தைக் காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று ஓடும், அதைத் தாளிக்கும்போது வரும் வாசனை கடையில் வாங்கியதில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் நான்கு செடி வைத்தும் இரண்டு மாதத் தாளிப்புக்குத்தான் வந்தது. மிளகாய்த் தூளுக்கென்று நடாதீர்கள், கட்டாது.

சம்பா குறை சொல்ல முடியாத செடி, தினசரி சமையலுக்கு இரண்டு போதும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை சாயங்காலம் அடித்தேன், பெரும்பாலும் தப்பித்தது.

இடம் ஒரே ஒரு பைக்குத்தான் இருக்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு காந்தாரி வையுங்கள். அரை நிழலிலும் வரும், வருடம் தாண்டியும் காய்க்கும். வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் குட்டிக் காய் நாலைந்தைச் சின்ன வெங்காயம், கல் உப்போடு இடித்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் அவித்த மரவள்ளிக்கு வேறு எதுவும் வேண்டாம். பறவைகளுக்குக் காரம் உறைக்காது, அதனால் பழுத்ததைக் கொண்டைக்குருவிகள் தின்றுவிடும். பரவாயில்லை, கறிவேப்பிலைத் தொட்டியில் இப்போது ஒரு காந்தாரி தானாகவே முளைத்திருக்கிறது.

இந்த பாக்கெட்டை மறுபடி வாங்க மாட்டேன். குண்டுக்கும் சம்பாவுக்கும் என் செடிப் பழத்திலிருந்தே விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன், இந்த ஆடிக்கு அதுதான்.