துண்டு மரமும் தரும் காட்பாடி மரவாடி

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தில் மிருகங்கள் செதுக்குகிறேன். தொழில் இல்லை, ஆசைதான். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் இருக்கிற யாளிகளையும் குதிரைகளையும் சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்து வந்த ஆசை. ஆனால் மரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. வாடிகளில் போய்க் கேட்டால் ஜன்னலுக்கா, கட்டிலுக்கா என்பார்கள். ஒன்றரை அடி உருட்டு மரம் ஒன்று போதும் என்றால் விறகுக்கடைக்குப் போகச் சொல்வார்கள்.

இங்கே அப்படி விரட்டவில்லை. ரம்பத்தடியில் நிற்கும் பெரியவர் முதலில் கேட்டது, "இன்னா செய்யப் போறே தம்பி?" காளை என்றேன், பொங்கலுக்கு எங்கள் ஊரில் விடுவார்களே அந்த மாதிரி. உடனே கட்டையை நிமிர்த்தி வைத்து, கால் நாலும் மரத்தின் வரி, அதாவது நார், ஓடுகிற திசையிலேயே இறங்க வேண்டும், படுக்க வைத்துச் செதுக்கினால் கால் குறுக்கு வரியில் வந்து உளி பட்டதும் முறிந்துவிடும் என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அதற்கு முன்பு நான் இரண்டு மான்களின் கால்களை உடைத்தது இப்படித்தான் என்று அன்றுதான் புரிந்தது.

இன்னொரு விஷயம் வெடிப்பு. முன்பு வேறொரு இடத்தில் முழு உருட்டாக வாங்கிச் செதுக்கிய யானை, 2 மாதத்தில் நெற்றியிலிருந்து வயிறு வரை பிளந்துவிட்டது, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பச்சை மரம் காயும்போது வளையங்களின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைப் பக்கம் சுருங்குவதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. அதனால் நடுமையம் உள்ளே இருக்கிற கட்டை பெரும்பாலும் எங்காவது பிளந்துவிடும். இந்த வாடியில் கேட்காமலே நடுவில் பிளந்து, மையத்தை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். இரண்டு முனையிலும் மெழுகு பூசி நிழலில் வை என்றும் சொல்லி அனுப்புகிறார்கள்.

வேம்பு, பூவரசு, வாகை, மா எல்லாம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பூவரசு கேளுங்கள், உளிக்கு நன்றாக இணங்கும், வைரம் பாய்ந்த உள்மரத்தின் நிறமும் அழகு. மா விலை குறைவுதான், ஆனால் சீக்கிரம் உளுத்துப்போகும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், மூக்கில் துணி கட்டாமல் உப்புத்தாள் போடாதீர்கள். ஜவ்வாது மலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று சந்தனம் கேட்டுப் போனவர்களைப் பெரியவர் வாசலோடு அனுப்பிவிட்டார், அதுவும் சரிதான்.

குறை இல்லாமல் இல்லை. பட்டையோடு, ஈரத்தோடு எடை போடுகிறார்கள், 9 கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காய்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் மனசு கேட்காது. காலையில் லாரி ஏற்றுகிற நேரம் நம்மைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது, அதனால் 3 மணிக்கு மேல் போங்கள்.

போன வாரம் வாங்கிய பூவரசில் காளைக்குத் திமில் வரை வந்திருக்கிறேன். கொம்பு மட்டும் குறுக்கு வரியில் விழுகிறது என்று போய்ச் சொன்னேன். தனியாகச் செதுக்கித் துளை போட்டுச் செருகிடு என்றார், அதற்கு ஒரு துண்டு வேம்பும் காசு வாங்காமல் கையில் கொடுத்தார்.