சமோசா சூடு, டிக்கெட் கவுண்ட்டர்தான் சரியில்லை

கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் தியேட்டர். ஏசி குளுகுளு, சத்தம் காதைக் கிழிக்காது, இடைவேளையில் வெங்காய சமோசா சுடச்சுட வரும். இதிலெல்லாம் குறையே இல்லை.

போன ஞாயிறு திருவிடைமருதூரிலிருந்து மனைவி, எட்டு வயதுப் பையனோடு மேட்னி போனேன். "குழந்தையோட பாக்கலாமா?" என்று கவுண்ட்டரில் கேட்டேன். "யூஏதான் சார், தாராளமா பாக்கலாம்" என்றார். உள்ளே போய், திரையில் சான்றிதழ் வந்தபோதுதான் கவனித்தேன்: யூஏ 16+. பத்தாவது நிமிடம் அரிவாள். பையன் என் தோளில் முகத்தைப் புதைத்தவன் நிமிரவே இல்லை. இடைவேளையில் கிளம்பிவிட்டோம்.

முன்பு யூஏ என்றால், 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் பொறுப்பு என்ற ஒரே குறிப்பு. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. மூன்றுமே பெற்றோருக்கான எச்சரிக்கைதான், தடை இல்லை. ஏ படத்துக்குத்தான் 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக்கூடாது. அதனால் கவுண்ட்டர்காரர் சட்டப்படி தப்புச் செய்யவில்லை. ஆனால் அந்த 16-ஐச் சேர்த்துச் சொன்னால் வாய் வலிக்குமா? போஸ்டரிலும் அது மூலையில் எறும்பு சைஸில்தான் இருந்தது. வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

ஐந்துக்கு மூன்று. 7+ படம் வந்தால் மறுபடி போவோம், சமோசாவுக்காகவாவது.