பழைய ஜிப்சியை ரெஸ்டோரேஷனுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? என் ரூ. 3,40,000 எப்படிப் போனது என்று படித்துவிட்டுக் கொடுங்கள்

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாராவது இந்த நேரத்தில் அதே மாதிரி ஓர் இடத்துக்கு அட்வான்ஸ் அனுப்பக் கையில் போனை வைத்திருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங். 1298 சிசி, கார்புரேட்டர் இன்ஜின். வால்பாறை எஸ்டேட் ரோடுகளில் ஓடி உழைத்த வண்டி. பாடியில் துரு ஏறிவிட்டது, இன்ஜினும் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஜிப்சி இப்போது ஷோரூமில் கிடைக்காது என்பதால் இருப்பதைச் சரி செய்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. கோவையில் பழைய ஜீப்பும் ஜிப்சியும் மட்டும் எடுத்துச் செய்கிற ஒரு கேரேஜ் இருக்கிறது. வழக்குக்குப் போவதால் பெயரைப் போடவில்லை. வீடியோ போட்டே பெயர் வாங்கிய இடம். துருப்பிடித்து உள்ளே போகிற வண்டி பளபளவென்று வெளியே வரும், பின்னால் பாட்டு ஓடும், கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு.

பேசியது இதுதான். டிங்கரிங், பெயிண்ட், சீட், டாப் எல்லாம் சேர்த்து ஒரு பகுதி. இன்ஜின் தனிப் பகுதி. இன்ஜினை இறக்கி, 0.50 ஓவர்சைஸ் போர் போட்டு (தேய்ந்த சிலிண்டர் துளையை 0.50 மி.மீ. பெரிதாகக் கடைந்து), புது பிஸ்டன் செட், ரிங், பேரிங், சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் (அடிப்பக்கத்தைச் சமமாக்குவது), புது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டருக்கு ரீகோர் (உள் குழாய்களைப் புதிதாக மாற்றுவது). எல்லாம் சேர்த்து ரூ. 3,40,000. மூன்று தவணையாக முழுத் தொகையும் கொடுத்தாகிவிட்டது.

நான் நம்பியது சும்மா இல்லை. வேலை நடக்க நடக்க வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஸ்டாண்டில் மாட்டிய இன்ஜின் பிளாக், உள்ளே கண்ணாடி மாதிரி போர், பக்கத்தில் பெட்டி பிரிக்காத பிஸ்டன் செட். "நம்ம சொந்த வண்டி மாதிரி பாத்துப் பண்றனுங்ணா, நீங்க கவலப்படாம இருங்க" என்று வாய்ஸ் மெசேஜ். டெலிவரி எடுக்கப் போன அன்று ஓனரே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, வால்வ் கவர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிற்க வைத்துக் காட்டினார். நாணயம் ஆடவில்லை. "இது இன்னும் பத்து வருசத்துக்குக் கைய வெக்க வேண்டாங்ணா" என்றார். கடைசித் தவணையை அந்த இடத்திலேயே அனுப்பினேன். அவர் வண்டிக்கு மாலை போட்டு வீடியோவும் எடுத்துக்கொண்டார். அந்த வீடியோ இன்னும் அவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொள்ளாச்சி வரை பிரச்சினை தெரியவில்லை. ஐடிலிங் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போன் போட்டுக் கேட்டால், புது இன்ஜின், ரன்னிங்-இன் (மெதுவாக ஓட்டிப் பழக்குவது) முடிகிற வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பானெட் பக்கமிருந்து கூலன்ட் வாசனை. டெம்பரேச்சர் ஊசியைப் பார்த்தேன், நடுவிலேயே நிற்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் வியூ பாயின்டுக்குக்கூட வண்டி போய்ச் சேரவில்லை. இழுவை செத்து, ஒரு சிலிண்டர் அடிக்காத மாதிரி உதறி, புகைபோக்கியில் வெள்ளைப் புகை, அதாவது தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. பானெட்டைத் தூக்கினால் ஆவி. ஊசி அப்போதும் நடுவிலேயே!

அங்கிருந்து போன் செய்தால், "மலை ஏத்துனா எந்த வண்டியும் சூடாகுங்ணா, தண்ணி ஊத்திட்டுப் போங்க" என்று பதில். அடுத்த நாள் கேட்டால், பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், கார்புரேட்டர் வண்டிக்கு அது ஒத்துவராது என்றார்கள். எத்தனால் பழைய ரப்பர் ஓஸையும் டயாஃபிரத்தையும் கெடுக்கும், அது உண்மைதான். அதற்காக ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகுமா? அப்புறம் "வண்டிய இங்க கொண்டு வாங்க பாக்கலாம்" என்றார்கள். டோயிங் செலவு யாருடையது என்று கேட்டதும் பதில் இல்லை. பிறகு மேனேஜர் என்று ஒருவர் பேசினார், ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். அந்த நேரத்தில் ஓனர் வேறொரு வண்டியோடு லைவ் போட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பொள்ளாச்சிக்கு இறக்கி, ஜிப்சி வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். வயதானவர், அவசரப்படாதவர். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், உள்ளே குமிழ் குமிழாக வந்தது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். சிலிண்டர் ஒன்றும் நான்கும் 160 psi பக்கம் காட்டின, இரண்டும் மூன்றும் 90-ஐத் தாண்டவில்லை. "தம்பி, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து கம்மியாக் காட்டுனா நடுவுல கேஸ்கெட் போயிருக்குன்னு அர்த்தம்" என்றார். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் இருக்க வைக்கிற தகடுதான் கேஸ்கெட்.

ஹெட்டைத் தூக்கியபோதுதான் என் ரூ. 3,40,000 எங்கே போனது என்று தெரிந்தது. பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் ஸ்டாண்டர்டு சைஸ் முத்திரை. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் அங்கே 0.50 என்று இருக்க வேண்டும். போர் போட்டால் சிலிண்டர் உட்சுவரில் தெரிய வேண்டிய ஹோனிங் கோடு (குறுக்குக் கீறல்) ஒன்றுகூட இல்லை, பழைய தேய்மானம் அப்படியே இருக்கிறது. டைமிங் பெல்ட் வெடிப்பு விட்ட பழையது. ரேடியேட்டரைத் திறந்தால் பாதிக் குழாய்களில் சேறு, வெளியே மட்டும் கறுப்புப் பெயிண்ட். இந்த இன்ஜினுக்கு அலுமினிய ஹெட். அதில் வளைவு 0.05 மி.மீ. தாண்டக் கூடாது. நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் 0.20 மி.மீ. தகட்டை விட்டால் நடுவில் தாராளமாகப் போகிறது. அடைத்த ரேடியேட்டரோடு மலை ஏற்றினால் சூடு ஏறும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இதில் புரியாதது ஒன்றுமில்லை.

ஆனால் ஊசி ஏன் ஏறவில்லை? அதைத்தான் அந்த அண்ணன் கடைசியில் கண்டுபிடித்தார். டெம்பரேச்சர் சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகிற ஒயரின் நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். சூடு ஏற ஏற சென்சாரின் தடை குறையும், அதைப் பார்த்துத்தான் மீட்டர் ஊசியை ஏற்றும். வழியில் ஒரு தடையைச் சேர்த்துவிட்டால் இன்ஜின் கொதித்தாலும் மீட்டருக்கு அது தெரியாது. அதாவது இந்த வண்டி சூடாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஊசியைக் கட்டிப்போட்டு, மாலை போட்டு, என் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்திருந்த வண்டியை மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் இப்போதும் கை நடுங்குகிறது.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "வெளி மெக்கானிக் கைய வெச்சுட்டார், வாரண்டி முடிஞ்சுதுங்ணா." அவர்கள் முன்பு அனுப்பிய பிளாக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்ஜின் நம்பர் பாதி தெரிகிறது, என் ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் அது இல்லை. யாருடைய இன்ஜினையோ படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே போட்ட கமென்ட்டும் காணோம். ரூ. 3,40,000-க்கு என்னிடம் இருப்பது வாட்ஸ்அப் எஸ்டிமேட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். பில் கேட்டபோதெல்லாம் ஆடிட்டர் போடுவார் என்று சொல்லியே கடத்தியிருக்கிறார்கள்.

விரிவாக ஒரு பட்டியல் எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கொடுக்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பிளாக் படத்தில் உங்கள் இன்ஜின் நம்பர் முழுதாகத் தெரிய வேண்டும். போர் போட்ட லேத்தின் பில் தனியாக வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டன், பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஆறின இன்ஜினில் நாணயத்தை நிற்க வைத்துக் காட்டுவதை ஒரு டெஸ்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசித் தவணையை மலை ஏற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள், அதற்கு முன்னால் கம்ப்ரஷன் ரீடிங்கை எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, ரூ. 3,40,000 மட்டுமில்லாமல் பொள்ளாச்சியில் ஆகும் செலவையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன். வீடியோ பார்த்துக் கோவையில் வண்டி செய்தவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே பானெட்டைத் திறந்து சென்சார் ஒயரில் டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரிக்காமல் முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.