பாடவேளையா, பழக்கமா, முகாமா?

உடல்நலமும் மனநலமும் பிறரோடு பழகும் விதமும் தொடக்கப்பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டியவை. அவற்றை எப்படிக் கற்றுத்தருவது என்பதில்தான் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு. வாரம் ஒரு பாடவேளையைத் தனியே ஒதுக்கச் சொல்கிறார்கள் சிலர். அன்றாட வேலையோடு கலந்துவிடுங்கள் என்கிறார்கள் சிலர். மருத்துவக் குழு வந்து பேசினால் போதும் என்பவர்களும் உண்டு. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து ஈராசிரியர் பள்ளியொன்றில் மூன்றையும் செய்து பார்த்தவள் நான்.

முகாமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குடற்புழு நீக்கத்துக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கவும், கண்ணையும் பல்லையும் பார்க்கவும் அது கட்டாயம் வேண்டும். கரும்பலகை தெரியாமல் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்தே எழுதிவந்த ஒரு பையனை முகாமில்தான் கண்டுபிடித்தோம். ஆனால் குழந்தைகளுக்குக் கேள்வி பிறப்பது வண்டி கிளம்பிப் போன பிறகுதான்.

பழக்கமாக்குவதில் பலன் கண்முன்னே தெரிகிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவானதும், தட்டை எடுக்குமுன் கை கழுவும் வரிசை எங்களுக்குத் தானாகவே அமைந்தது. சோப்புக் கட்டியை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். முதல் வகுப்புப் பிள்ளைகள் நுரையோடு ஒன்று முதல் இருபது வரை எண்ண வேண்டும். எண்ணும் வந்தது, கையும் சுத்தமானது. தனிப் பாடவேளையில் படம் காட்டிச் சொன்னபோது இது நடக்கவில்லை.

அதனால் எல்லாவற்றையுமே இப்படிக் கலந்துவிடலாம் என்று நம்பினேன். பல் விஷயத்தில்தான் அடிபட்டேன். சூழ்நிலையியல் பாடத்தின் நடுவே, "தினமும் இரண்டு வேளை தேய்த்தால் பல் வெள்ளையாக இருக்கும்" என்று போகிற போக்கில் சொன்னேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு கையால் வாயை மறைத்தபடி, "நான் தினமும்தான் தேய்க்கிறேன், டீச்சர்" என்றாள்.

அவள் பல்லில் இருந்தது ஃபுளோரைடு கறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நிலையான பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதிலேயே அந்த நீர் எனாமலைக் கெடுத்துவிடுகிறது. ஏழு வயதில் பல் முளைத்து வரும்போது கறையோடுதான் வருகிறது. அவள் சோம்பேறித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இவ்வளவையும் குழாயடியில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியுமா? அடுத்த வாரம் முழுப் பாடவேளை எடுத்துக்கொண்டேன். வீட்டில் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா, ஒகேனக்கல் நீரா என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்டுவந்து சொன்னது. கறைப் பல்லைப் பார்த்து மற்ற பிள்ளைகள் செய்துவந்த கேலி நின்றது அன்றைக்குத்தான்.

தனிப் பாடவேளையின் குறை எனக்கும் தெரியும். பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி வந்தால் முதலில் பறிபோவது அதுதான். அப்படியும் பாதுகாப்பான தொடுதல், பயம், அவமானம் இவற்றுக்கு வேறு வழி கிடையாது. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக, பாட்டியிடமோ உறவினரிடமோ வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ மனப்பாடம் செய்யவைத்தால் போதாது. யாரிடம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பழக நேரம் வேண்டும். ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கு "பயமாக இருக்கிறது" என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்ல இடம் வேண்டும். கேட்பவருக்கும் ஆயத்தம் தேவை: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஒரு பிழையைத் திருத்திக்கொண்டோம். முன்பு இந்தப் பாடவேளை வெள்ளிக்கிழமை கடைசியில் இருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். சொல்ல நினைத்த பிள்ளையும் ஓடிவிடும். இப்போது செவ்வாய்க்கிழமை, இடைவேளைக்கு முந்தைய பாடவேளை. மற்றவர்கள் வெளியே போன பிறகும், சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்குகிற சாக்கில் யாராவது ஒருவர் மேசையருகே நிற்பதுண்டு. அந்தப் பத்து நிமிடம் நான் எழுந்து போவதில்லை.